ரசீதில் தமிழ் ஏன் கட்டம் கட்டமாக வருகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் வாசகர் பகுதியில் சென்ற வாரம் ஓர் அன்பர் தன் கடைக் கம்ப்யூட்டர் பற்றி எழுதியிருந்தார். விண்டோஸை விட்டு லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்துக்கு மாறியதிலிருந்து பில்லில் தமிழ் எல்லாம் கட்டம் கட்டமாக வருகிறதாம். லினக்ஸில் தமிழ் எழுத்துரு சரியில்லை, மறுபடி விண்டோஸ் வாங்கிப் போடுவதுதான் வழி என்று முடித்திருந்தார். அவர் பட்ட பாடு உண்மை. காரணம் என்று அவர் சொன்னதுதான் தப்பு. நான் திருநெல்வேலி டவுனில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். பேட்டை, பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம் பக்கமெல்லாம் போய் பில் போடும் மென்பொருளை ஓட வைத்துக் கொடுப்பதுதான் பிழைப்பு. இந்தக் கட்டங்களோடு எனக்கு நெடுநாள் பழக்கம். கடிதம் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்பாசமுத்திரம் பக்கம் ஓர் அரிசி ஆலை. நெல் கொண்டுவரும் விவசாயிக்கு எடை போட்டுச் சீட்டு கொடுப்பார்கள். ரகம், மூட்டை, ஈரப்பதம், கிலோ விலை எல்லாம் அதில் தமிழில் வர வேண்டும். புதிதாக வாங்கிய மென்பொருளை லினக்ஸ் மெஷினில் போட்ட அன்றைக்கே தமிழ் காணாமல் போய்விட்டது. ‘அம்பை 16’ என்று வர வேண்டிய இடத்தில் ஐந்து கட்டம், பக்கத்தில் 16 மட்டும் பளிச்சென்று நிற்கிறது. நாம் எண்ணினால் அம்பை மூன்றெழுத்துதான். கம்ப்யூட்டருக்கோ அகரம், மகரம், புள்ளி, பகரம், ஐகாரக் குறி என்று ஐந்து எண்கள். அதனால் ஐந்து கட்டம். ஆடுதுறை 45-க்கு ஏழு. ஆலைக்கார அண்ணாச்சிக்கு இந்தக் கணக்கெல்லாம் எதற்கு? “ஏடே, பதினாறுன்னா அம்பை, நாப்பத்தஞ்சுன்னா ஆடுதுறைன்னு வாரவன் கிட்ட எல்லாம் நானே வாயால சொல்லிக் குடுக்கேன். இதுக்கா துட்டு குடுத்து வாங்குனேன்?” என்றார்.

மென்பொருள் விற்றவர்கள் வெளியூர்க்காரர்கள். போன் போட்டால், “எங்க சிஸ்டத்துல நல்லா வருதே சார், உங்க மெஷின்ல தமிழ் ஃபான்ட் இருக்காது” என்று பதில். அப்புறம் ரகத்தின் பெயரை ஆங்கிலத்திலேயே அடித்துக்கொள்ளுங்கள் என்று யோசனையும் சொல்லியிருக்கிறார்கள். அண்ணாச்சி அதற்கும் தயாராகிவிட்டார். எனக்கு எரிச்சல் வந்தது இந்த இடத்தில்தான். சீட்டை வாங்கிப் போகிறவர் அதை வாசிக்க வேண்டாமா?

ஃபான்ட் இல்லை என்று சொன்னார்களே, அதை முதலில் சரிபார்த்தேன். டெர்மினலை, அதாவது கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் திரையை, திறந்து ‘எஃப்சி-லிஸ்ட் :லேங்=டிஏ’ என்று ஆங்கிலத்தில் தட்டினால், மெஷினில் இருக்கும் தமிழ் எழுத்துருக்களின் பட்டியல் வரும். லோஹித் தமிழ் இருந்தது, நோட்டோ சான்ஸ் தமிழ் இருந்தது. அதே மெஷினில் லிப்ரே ஆஃபிஸைத் திறந்து அம்பை என்று அடித்தால் அழகாகத் தெரிகிறது. பிரவுசரில் உங்கள் பத்திரிகையின் இணையதளமும் அப்படியே. ஆக, மெஷினில் குறை இல்லை, அந்த ஒரு செயலிக்கு மட்டும்தான் கண் தெரியவில்லை.

இங்கே ஒரு சின்ன எச்சரிக்கை. சில அச்சகங்களில் “என் மெஷின்ல நூத்துக்கணக்குல தமிழ் ஃபான்ட் இருக்கே” என்பார்கள். பார்த்தால் பாமினி மாதிரி பழைய ரகமாக இருக்கும். அவை ஆங்கில எழுத்தின் எண்களில் தமிழ் வடிவத்தை வரைந்து வைத்தவை. அந்தக் கமாண்ட் அவற்றைத் தமிழ் எழுத்துரு என்று காட்டாது, காட்டவும் கூடாது. 1991-லிருந்து, உலக மொழி எழுத்துகளுக்கெல்லாம் தனித்தனி எண் தரும் யூனிகோடில் தமிழுக்குத் தனி இடம் உண்டு. தமிழக அரசும் 2010-ல் யூனிகோடை ஏற்றுக்கொண்டு ஆணை போட்டுவிட்டது. அந்த எண்களில் எழுத்து இருக்கும் எழுத்துருதான் கணக்கில் வரும்.

சரி, செயலிக்கு ஏன் கண் தெரியவில்லை? லினக்ஸில் ஒரு தமிழ்ச் சொல் திரைக்கு வருவதற்குள் பெரும்பாலும் மூன்று லைப்ரரிகளை, அதாவது பல செயலிகளும் பொதுவாகப் பயன்படுத்தும் துணை நிரல்களை, தாண்டி வர வேண்டும். எழுத்துருக் கோப்பு எங்கே இருக்கிறது, தமிழ் கேட்டால் எதை எடுத்துக் கொடுப்பது என்று தேடிச் சொல்வது ஃபான்ட்கான்ஃபிக். கீத் பேக்கார்ட் என்ற அமெரிக்க நிரலாளர் தொடங்கிவைத்தது. கிடைத்த கோப்பைத் திறந்து எழுத்தின் வடிவத்தை எடுத்துத் தருவது ஃப்ரீடைப். கொம்பை முன்னால் கொண்டுவந்து, உகரத்தை மெய்யோடு ஒட்டி, புள்ளியைத் தலைமேல் வைத்து வரிசைப்படுத்துவது ஹார்ஃப்பஸ். மூன்றில் எது படுத்தாலும் தமிழ் கெடும், ஆனால் மூன்றும் வெவ்வேறு விதமாகக் கெடுக்கும். அந்த வித்தியாசம் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

அண்ணாச்சியின் சீட்டில் எண்ணும் ஆங்கிலமும் ஒழுங்காக வந்தன, தமிழ் மட்டும் கட்டமானது. அப்படியென்றால் ஏதோ ஓர் எழுத்துரு கிடைத்திருக்கிறது, அதில் தமிழ் இல்லை, தமிழ் இருக்கிற எழுத்துரு கண்ணில் படவில்லை. இது ஃபான்ட்கான்ஃபிக் சமாச்சாரம். ஃபான்ட்கான்ஃபிக்குக்கு எங்கே தேடுவது என்று சொல்ல ஒரு கோப்பு உண்டு. சாதாரணமாக, மெஷினின் அமைப்புக் கோப்புகள் இருக்கும் இடிசி ஃபோல்டருக்குள் ஃபான்ட்ஸ் என்ற ஃபோல்டரில் ‘ஃபான்ட்ஸ்.கான்ஃப்’ என்ற பெயரில் இருக்கும். எழுத்துருக்கள் எந்தெந்த ஃபோல்டரில் கிடக்கின்றன, ஒன்று இல்லாவிட்டால் அடுத்து எது, பழைய தேடலின் முடிவை எங்கே சேமிப்பது, எல்லாம் அதிலும் பக்கத்திலுள்ள கான்ஃப்.டி ஃபோல்டரின் குட்டிக் கோப்புகளிலும் இருக்கின்றன.

அந்தச் செயலி ஆப்இமேஜ் என்ற வடிவில் வந்தது. செயலியும் அதற்கு வேண்டிய லைப்ரரிகளும் எல்லாமாகச் சேர்த்து ஒரே கோப்பு. நிறுவும் வேலையே இல்லை, க்ளிக் செய்தால் ஓடும். நல்ல ஏற்பாடுதான். க்ளிக் செய்து ஓட்டினால் பிழைச் செய்திகள் கண்ணில் படாது என்பது மட்டும் குறை. டெர்மினலில் இருந்து ஓட்ட வேண்டும். எஃப்சி_டீபக் என்ற சூழல் மாறிக்கு (செயலியை ஓட்டும் முன் வெளியிலிருந்து கொடுக்கும் அமைப்பு அது) 1024 என்று மதிப்புக் கொடுத்துவிட்டு ஓட்டினால், ஃபான்ட்கான்ஃபிக் எந்தெந்தக் கோப்பை வாசிக்கிறது என்று வரிவரியாகச் சொல்லும். அன்றைக்கு வந்தது ஒரே ஒரு கோப்பின் பெயர். இடிசியில் இருப்பது அல்ல. ஆப்இமேஜ் ஓடும்போது டெம்ப் ஃபோல்டருக்குள் தற்காலிகமாகத் தோன்றும் இடத்தில், செயலியின் வயிற்றுக்குள்ளேயே இருக்கும் இன்னொரு ஃபான்ட்ஸ்.கான்ஃப்.

ஆப்இமேஜைப் பிரித்துப் பார்க்க அதற்குள்ளேயே வழி உண்டு. ‘--ஆப்இமேஜ்-எக்ஸ்ட்ராக்ட்’ என்று சேர்த்து ஓட்டினால் எல்லாவற்றையும் ஒரு ஃபோல்டரில் கொட்டிவிடும். ஆப்ரன் என்ற தொடக்க ஸ்கிரிப்ட்டைத் திறந்தேன். அதில் ஃபான்ட்கான்ஃபிக்_ஃபைல் என்ற மாறியைத் தங்கள் சொந்தக் கோப்புக்குத் திருப்பி வைத்திருந்தார்கள். அந்தக் கோப்பில் எழுத்துரு தேட ஒரே ஒரு ஃபோல்டர். அந்த ஃபோல்டரில் டேஜாவூ சான்ஸ், அதன் தடித்த வடிவம், அவ்வளவுதான். டேஜாவூவில் ஆங்கிலம் உண்டு, கிரேக்கம் உண்டு, ரஷ்ய எழுத்து உண்டு. தமிழ் கிடையாது. மெஷினில் லோஹித் இருந்தால் என்ன, நோட்டோ இருந்தால் என்ன, அங்கே போய்ப் பார்க்கச் சொல்லி யாரும் எழுதவில்லை.

அந்தக் கோப்பில் ஒரு வரி சேர்த்தேன். இடிசியில் உள்ள ஃபான்ட்ஸ்.கான்ஃபையும் சேர்த்து வாசி என்கிற இன்க்ளூட் வரி. அது இல்லாத மெஷினில் பிழை காட்டி நிற்காமல் இருக்க, இக்னோர்_மிஸ்ஸிங் என்பதற்கு யெஸ் கொடுத்துவிட வேண்டும். பிரித்த ஃபோல்டரிலிருந்தே செயலியை ஓட்டினேன். அம்பை 16 வந்தது, ஆடுதுறை 45 வந்தது. அண்ணாச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சீட்டை வாசித்துவிட்டு, ஈரப்பதத்துக்குப் புள்ளி சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்தார். அந்த ஆலையில் ஈரப்பதத்தில்தான் சண்டையே வரும்.

விற்றவர்களின் மெஷினில் எப்படி நன்றாக வந்தது என்று உங்களுக்குத் தோன்றலாம். நானும் போனில் கேட்டேன். அவர்கள் பொய் சொல்லவில்லை. கட்டி முடித்த ஆப்இமேஜை அவர்கள் ஓட்டிப் பார்க்கவே இல்லை, கட்டுவதற்கு முந்தைய நிரலைத்தான் ஓட்டினார்கள். அப்போது தொடக்க ஸ்கிரிப்ட் கிடையாது. மெஷினின் சொந்த ஃபான்ட்ஸ்.கான்ஃப் வாசிக்கப்படும், தமிழ் வரும். பொட்டலம் கட்டிய பிறகு தமிழில் ஒரு பில் போட்டுப் பார்க்க ஐந்து நிமிஷம் ஆகுமா? ஆங்கிலத்தில் ‘டெஸ்ட் கஸ்டமர்’ என்று ஒரு பில் போட்டுப் பார்த்துவிட்டு அனுப்பிவிடுகிறார்கள்.

இன்க்ளூட் வரியைச் சேர்த்ததும் டெர்மினலில் வேறு சில வரிகள் ஓடத் தொடங்கின. ‘இட்ஸ்:ரூல்ஸ்’ என்பது தெரியாத உறுப்பு, ‘டிஸ்க்ரிப்ஷன்’ தெரியாத உறுப்பு என்கிற மாதிரி. இதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 2018-ல் வந்த ஃபான்ட்கான்ஃபிக் 2.13-லிருந்து விதிக் கோப்புகளில் இந்த மாதிரி புதுக் குறிப்புகள் நுழைந்தன. செயலிக்குள் பொட்டலம் கட்டியிருக்கும் ஃபான்ட்கான்ஃபிக் அதற்கு முந்தையது என்றால், புரியாத வரியைச் சொல்லிவிட்டுத் தாண்டிப் போய்விடும். தலைப்பில் ‘வார்னிங்’ என்று இருக்கும் வரை கவலையில்லை. சிலர் இதைப் பிழை என்று நினைத்து இடிசிக்குள் போய் அந்த வரிகளை அழித்துவிடுகிறார்கள். ஒரு செயலியின் பழசுக்காக மெஷின் முழுவதற்குமான கோப்பில் கை வைக்கக் கூடாது. அடுத்த அப்டேட்டில், நீ மாற்றியதை வைக்கவா புதியதைப் போடவா என்று வேறு கேள்வி கேட்டுக்கொண்டு நிற்கும்.

‘எரர்’ என்று வந்தால் கதை வேறு. ‘கேன்னாட் லோட் டீஃபால்ட் கான்ஃபிக் ஃபைல்’ என்று வந்தால், ஃபான்ட்கான்ஃபிக்குக்கு அந்த ஃபான்ட்ஸ்.கான்ஃப் கோப்பே கிடைக்கவில்லை. காரணம் பெரும்பாலும் இதுதான்: அந்த லைப்ரரியைக் கம்பைல் செய்யும்போதே, அதாவது எழுதிய நிரலை ஓடக்கூடிய கோப்பாக மாற்றும்போதே, கோப்பு இருக்கும் இடம் உள்ளே பதிந்துவிடுகிறது. கட்டியவர் தன் வீட்டு ஃபோல்டருக்குள் ஓர் இடத்தைக் கொடுத்துக் கம்பைல் செய்திருந்தால், அண்ணாச்சி மெஷினிலும் அந்த ஃபோல்டரைத்தான் அது தேடும். சென்னையிலிருந்து வந்தவர் தன் தெருப் பெயரைச் சொல்லி ரத வீதியில் வழி கேட்கிற மாதிரி. கட்டியவரின் சொந்த மெஷினில் அந்த இடம் இருப்பதால் அவருக்கு மட்டும் பிழை வராது. ஃபான்ட்கான்ஃபிக்_ஃபைல் மாறியில் இடிசிக் கோப்பின் முழுப் பாதையைக் கொடுத்து ஓட்டிப் பாருங்கள். சரியாகிவிட்டால் நோய் அதுதான். விதிக் கோப்பு இல்லாமலும் சில சமயம் எழுத்து தெரியத்தான் செய்யும், ஆனால் எதற்கு எது முதல் என்ற விதிகள் போய்விடுவதால் தலைப்பு ஓர் எழுத்துருவிலும் உடல் இன்னொன்றிலும் என்று கோணல்மாணலாக வரும்.

‘நோ ரைட்டபிள் கேஷ் டைரக்டரீஸ்’ என்று ஒன்று வரும். தேடிய முடிவைச் சேமிக்க இடமில்லை என்று பொருள். தமிழ் கெடாது, ஆனால் செயலி ஒவ்வொரு முறையும் எல்லா எழுத்துருக்களையும் முதலிலிருந்து புரட்டும். செயலி திறக்க ரொம்ப நேரம் எடுக்கிறது என்ற புகாருக்குப் பின்னால் சில சமயம் இது ஒளிந்திருக்கும். பயனரின் வீட்டு ஃபோல்டரில் கேஷ் ஃபோல்டரின் உரிமையாளர் யார் என்று பாருங்கள். யாரோ ஒருமுறை சூடோ போட்டு, அதாவது நிர்வாகி அதிகாரத்தில், செயலியை ஓட்டியிருப்பார்கள், அது ரூட் என்ற நிர்வாகியின் பெயருக்கு மாறியிருக்கும்.

இனி கொம்பு. ஒரு பள்ளிக்கு அடையாள அட்டை அடிக்கும் செயலி. எங்கள் பக்கத்துப் பெயர்களைக் கேட்கவே வேண்டாம். கோமதி, பேச்சியம்மாள், சொர்ணம் என்று கொம்பு இல்லாத பெயரைத் தேட வேண்டும். அட்டையில் கட்டம் ஒன்றுகூட இல்லை. எழுத்துகள் இருக்கின்றன, வரிசை மட்டும் கெட்டிருக்கிறது. பேச்சியம்மாளின் ஏகாரக் கொம்பு பகரத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது, புள்ளி தனியாக மிதக்கிறது, உகரம் மெய்யோடு ஒட்டவே இல்லை. எழுத்துரு கிடைத்துவிட்டது, அடுக்கும் வேலை நடக்கவில்லை. இங்கே ஃபான்ட்கான்ஃபிக்கைக் குடைந்தால் பொழுது விடிந்துவிடும்.

அது பைதானில் எழுதிய செயலி. படத்தின் மேல் எழுத்தைப் பதிக்கப் பில்லோ என்ற லைப்ரரியைப் பயன்படுத்தியிருந்தார்கள். பில்லோவில் எழுத்தை அடுக்க இரண்டு முறை உண்டு. எளிய முறை ஆங்கிலத்துக்குப் போதும், தமிழுக்கு ஆகாது. தமிழுக்கு ராக்ம் என்ற லைப்ரரி வேண்டும், அது ஹார்ஃப்பஸை வைத்து அடுக்கும். பில்லோ 8.2-லிருந்து, நேரடியாக நிறுவும் பொட்டலத்திலேயே ராக்மைச் சேர்த்துத்தான் தருகிறார்கள். ஆனால் ராக்முக்குத் துணையான ஃப்ரிபிடி மட்டும் உள்ளே இல்லை, ஓடும்போது மெஷினில் தேடி எடுத்துக்கொள்ளும். அந்தப் பள்ளி மெஷினில் அது கிடைக்கவில்லை. செயலி சத்தமே இல்லாமல் எளிய முறைக்கு இறங்கிவிட்டது. சத்தமே இல்லாமல் என்பதுதான் கொடுமை, ஒரு பிழைச் செய்தி கிடையாது. ஃப்ரிபிடியை நிறுவியதும் கோமதிக்குக் கொம்பு முன்னால் வந்தது. அதற்குள் பாதி அட்டை அடித்து லேமினேஷன் வரை போயிருந்தது தனிக் கதை.

இன்னொரு வகைப் புகாரும் அடிக்கடி வரும். செயலிக்குள் எல்லாம் நன்றாகத் தெரிகிறது, ‘பில்லைப் பார்’ பட்டனை அழுத்தினால் பிடிஎஃப் திறக்கவில்லை. அதே பிடிஎஃப்பை ஃபோல்டரில் போய் டபுள் க்ளிக் செய்தால் திறக்கிறது. டெர்மினலில் ‘எஃப்டி_டன்_எம்எம்_வார்’ என்ற பெயர் கிடைக்கவில்லை என்று ஒரு வரி. வாயில் நுழையாத அந்தப் பெயர் ஃப்ரீடைப் லைப்ரரியில் 2018-ல் 2.9 பதிப்போடு வந்த ஒரு செயற்கூறு. செயலியின் பொட்டலத்தில் அதைவிடப் பழைய ஃப்ரீடைப் இருக்கிறது. மெஷினின் ஃபான்ட்கான்ஃபிக் புதியது, அது அந்தச் செயற்கூறைக் கேட்கிறது. பைதான் செயலியைப் பொட்டலமாகக் கட்டும் பைஇன்ஸ்டாலர் மாதிரி கருவிகள், லைப்ரரிகளை முதலில் என் பொட்டலத்தில் தேடு என்று எல்டி_லைப்ரரி_பாத் மாறியில் எழுதிவைக்கும். செயலி திறந்துவிடும் பிடிஎஃப் வியூவருக்கும் அந்த உத்தரவு போய்ச் சேர்ந்துவிடுகிறது. பாவம் வியூவர், தன் வீட்டுப் புது ஃபான்ட்கான்ஃபிக்கோடு அடுத்த வீட்டுப் பழைய ஃப்ரீடைப்பைச் சேர்த்துப் பார்த்துவிட்டு விழுந்துவிடுகிறது. வெளி நிரலைத் திறக்கும் முன் மாறியைப் பழைய மதிப்புக்குத் திருப்பிவிட்டால் போதும். பழைய மதிப்பைப் பைஇன்ஸ்டாலர் இன்னொரு மாறியில், அதே பெயரோடு ஓஆர்ஐஜி என்று சேர்த்து, எடுத்துத்தான் வைத்திருக்கிறது. எழுதியவர் கவனிக்க வேண்டும், அவ்வளவே.

ஜாவா செயலிகளில் ‘ஃபான்ட்கான்ஃபிக் ஹெட் இஸ் நல்’ என்று வந்தால் அநேகமாக மெஷினில் ஃபான்ட்கான்ஃபிக்கே இல்லை, அல்லது ஓர் எழுத்துருகூட இல்லை. திரை இல்லாத சர்வர் மெஷின்களில்தான் அதிகம் பார்க்கலாம். நிறுவிவிட்டால் தீர்ந்தது.

லைப்ரரிகளைக் கூடவே கட்டி அனுப்புவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. லினக்ஸிலேயே பல வகை, உபுண்டுவில் ஒரு பதிப்பு, டெபியனில் ஒரு பதிப்பு, ஃபெடோராவில் வேறு என்று இருக்கும்போது, சின்ன நிறுவனம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக எப்படிக் கட்டிக் கொடுக்கும்? ஆனால் எதைக் கட்ட வேண்டாம் என்றும் ஒரு கணக்கு உண்டு. ஆப்இமேஜ்காரர்களே சேர்க்க வேண்டாத லைப்ரரிகள் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். அதில் ஃபான்ட்கான்ஃபிக், ஃப்ரீடைப், ஹார்ஃப்பஸ் மூன்றும் இருக்கின்றன. மேசைக்கணினியில் இவை எப்படியும் இருக்கும், அந்த மெஷினின் எழுத்துருக்களைப் பற்றி அவற்றுக்குத்தான் தெரியும் என்பது காரணம். எடுப்பதென்றால் ஃபான்ட்கான்ஃபிக்கையும் ஃப்ரீடைப்பையும் சேர்த்தே எடுக்க வேண்டும். ஒன்றை எடுத்து ஒன்றை விட்டால் மேலே சொன்ன பிடிஎஃப் கூத்து செயலிக்குள்ளேயே நடக்கும்.

மெஷினை நம்ப மனமில்லை என்றால் ஒரு தமிழ் எழுத்துருவையும் பொட்டலத்தில் போட்டுவிடலாமே? நோட்டோ சான்ஸ் தமிழ் ஓஎஃப்எல் என்ற, எழுத்துருக்களுக்கான திறந்த உரிமத்தில் வருகிறது. செயலியோடு சேர்த்துக் கொடுக்கலாம், அந்தச் செயலியை விற்கலாம், எழுத்துருவை மட்டும் தனியாக விற்கக் கூடாது. ஒரு பைசா செலவில்லை. விண்டோஸோடு வரும் லதா, நிர்மலா யுஐ இரண்டையும் அப்படி எடுத்துப் போடக் கூடாது. அப்படிப் போட்டிருக்கும் செயலிகளையும் நான் பார்த்திருக்கிறேன். அதை அவர்களிடமே சொன்னேன், கேட்டுக்கொண்டார்கள், அடுத்த பதிப்பிலும் இருந்தது.

உங்கள் வாசகருக்கு இப்போதைக்கு விண்டோஸ் செலவு வேண்டியதில்லை. செயலியை டெர்மினலில் ஓட்டச் சொல்லுங்கள். முதலில் வரும் எரர் வரியை மட்டும் கவனிக்க வேண்டும், அதற்கு அடியில் வருவதெல்லாம் பெரும்பாலும் அதன் வால். லைப்ரரியில் சந்தேகம் என்றால், பிரித்த ஃபோல்டரில் ஃபான்ட்கான்ஃபிக், ஃப்ரீடைப் இரண்டின் கோப்புகளையும் பெயர் மாற்றி வைத்துவிட்டு ஓட்டிப் பார்க்கலாம். செயலி மெஷினில் உள்ளதை எடுத்துக்கொள்ளும். கெட்டால் பெயரைத் திருப்பி வைத்துவிட வேண்டியதுதான். இதற்கெல்லாம் கம்ப்யூட்டர் படித்த பக்கத்து வீட்டுப் பிள்ளை போதும். பாலிடெக்னிக்கில் படிக்கும் பையன்கள் ஒரு மாலையில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

மென்பொருள் வாங்கும் கடைக்காரர்கள் பணத்தை எண்ணிக் கொடுக்கும் முன், தங்கள் சொந்தக் கடை மெஷினில், கட்டி முடித்து அனுப்பிய அதே கோப்பில், கொம்பும் புள்ளியும் உகரமும் உள்ள ஒரு பில்லைப் போட்டுக் காட்டச் சொல்ல வேண்டும். ‘நெல் கொள்முதல்’ என்று அடித்தால் மூன்றும் ஒரே வரியில் வந்துவிடும். அதைப் பேப்பரிலும் அடித்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் திரையில் சரியாக வந்து பிரின்டரில் கெடுவதும் உண்டு.

புகார் அனுப்பும்போது ‘தமிழ் வரவில்லை’ என்று மட்டும் எழுதாதீர்கள். லினக்ஸின் பெயரும் பதிப்பும், டெர்மினலில் வந்த முதல் எரர் வரி, ‘எஃப்சி-மேட்ச் சான்ஸ்:லேங்=டிஏ’ என்று தட்டினால் வரும் எழுத்துருவின் பெயர், கெட்டுப்போன பில்லின் போட்டோ, இவ்வளவையும் சேர்த்து அனுப்புங்கள். அதற்குப் பிறகும் “எங்க சிஸ்டத்துல நல்லா வருதே” என்று சொன்னால், அதே ஆப்இமேஜை அவர்கள் மெஷினில் ஓட்டி, எஃப்சி_டீபக் காட்டும் வரிகளோடு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்காரர்,
திருநெல்வேலி டவுன்.